காதற்கதையின் எதிர்த்தலைவர்: டி.எஸ். பாலையாவின் கலை வாழ்வு

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் திரைப்பட நடிகர் ஒருவரின் வரலாறு இடம்பெறுதல் பொருந்துமா என்னும் வினா பெரியவர் சிலர்தம் உள்ளத்தில் எழக்கூடும். பரங்கிப்பேட்டையிலிருந்தும் லால்பேட்டையிலிருந்தும் தம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவைக்கும் பெற்றோருள் பலர் திரைப்படத்தை ஐயக்கண் கொண்டு நோக்குபவர். அந்நோக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் முத்தமிழுள் நாடகமும் ஒன்று. இயலையும் இசையையும் உள்ளே அழைத்துவிட்டுக் கூத்தை மட்டும் வாயிலில் நிறுத்துதல் தமிழ் பயில்வார்க்கு அழகன்று.

மற்றொரு காரணமும் உண்டு. நம் மாணவர்கள் காதல் என்பதைப் பாடநூலின் வழிக் கற்பதைக் காட்டிலும் திரையின் வழியே மிகுதியாகக் கற்கின்றனர். அவ்வாறு கற்கும்போது நாயகனையும் நாயகியையும் பார்க்கின்றனரேயன்றி, அவ்விருவர்க்கும் குறுக்கே நிற்பவனை ஊன்றி நோக்குவதில்லை. ஒரு காதற்கதையின் தரத்தை உரைத்துப் பார்க்கும் உரைகல் அந்த மூன்றாமவனே என்பது என் எண்ணம். அந்த மூன்றாமவனாகவே தமிழ்த் திரையில் காலடி வைத்து, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடித்துப் பெயர் நாட்டியவர் டி.எஸ். பாலையா.

பிறப்பும் மேடைப் பயிற்சியும்

பாலையா 1914ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் அன்றைய திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த சுண்டன்கோட்டை என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. அக்காலத்து நடிகர் பலரையும் போலவே இவரும் இளமையிலேயே நாடகக் கம்பெனியைச் சேர்ந்தார். பள்ளியில் பெறவேண்டிய கல்வியை மேடையே இவருக்குத் தந்தது.

சங்கரதாச சுவாமிகள் வழிவந்த அந்நாடக உலகில் வேடங்களுக்கு நிலையான பெயர்கள் இருந்தன. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்பன அவற்றுட் சில. எதிரியாக நடித்தல் இழிவு என்னும் எண்ணம் அங்கே இல்லை. சுவாமிகள் தாமே எமனாகவும் இரணியனாகவும் சனீசுவரனாகவும் தோன்றி அவையை நடுங்கவைத்தவர். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் அமர்ந்தவன் காதிலும் சொல் விழவேண்டும். எனவே குரலை உயர்த்தவும் தாழ்த்தவும், ஒரு சொல்லை நிறுத்தி அடுத்ததை வீசவும் பிள்ளைகள் பழகினர். பாலையாவின் பிற்காலப் பெருமைக்கெல்லாம் வேராக இருந்தது இக்குரற்பயிற்சியே. சிறப்பு என்னவெனின், மேடையில் கற்ற முழக்கத்தைத் திரையில் எங்கே விட்டுவிடவேண்டும் என்பதையும் அவர் விரைவிலேயே உணர்ந்துகொண்டார். மேடையிலிருந்து வந்த பலர் அதனை இறுதிவரை உணரவில்லை.

முதற்படம்

1936இல் வெளிவந்த சதி லீலாவதி தமிழ்த் திரை வரலாற்றில் ஒரு திருப்பம். எஸ்.எஸ். வாசன் எழுதிய கதை. இயக்கியவர் தமிழ் அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன். எம்.கே. ராதா நாயகன். எம்.ஜி. இராமச்சந்திரன், என்.எஸ். கிருஷ்ணன், பாலையா ஆகிய மூவருக்கும் இதுவே முதற்படம். அவர்களுள் இராமச்சந்திரனுக்குச் சிறிய காவலதிகாரி வேடமே கிடைத்தது. இருபத்தொரு வயதுப் பாலையாவுக்கோ கதையை நகர்த்தும் பொறுப்பே கிடைத்தது. நல்ல குடும்பத்தானைக் குடிப்பழக்கத்தில் ஆழ்த்தி, அவன் மனைவியின்மீது கண்வைக்கும் நயவஞ்சக நண்பன் இராமநாதனாக அவர் நடித்தார்.

இங்கே எதிரி வெளியிலிருந்து வாளேந்தி வரவில்லை. வீட்டுக்குள் நண்பனாக நுழைகிறான் என்பது கருதத்தக்கது. புராணப் படங்களில் அரக்கரையே எதிரிகளாகக் கண்டு பழகிய மக்களுக்குச் சட்டையணிந்து சிரித்துப் பேசும் எதிரி புதியவன். பாலையாவுக்கு வாய்த்த முதல் நல்வாய்ப்பு இது.

அம்பிகாபதியும் உருத்திரசேனனும்

அடுத்த ஆண்டே, 1937இல், அம்பிகாபதி வெளிவந்தது. இயக்கியவர் அதே டங்கன். எம்.கே. தியாகராஜ பாகவதர் அம்பிகாபதியாகவும் எம்.ஆர். சந்தானலட்சுமி அமராவதியாகவும் நடித்தனர். செருகளத்தூர் சாமா கம்பரானார். அமராவதியின்மேல் வேட்கை கொண்ட சோழநாட்டுப் படைத்தலைவன் உருத்திரசேனனாக வந்தவர் பாலையா.

இப்படத்துக்கு உரையாடல் எழுதியவர் இளங்கோவன். தணிகாசலம் என்னும் இயற்பெயருடைய இவர் மணிக்கொடி எழுத்தாளருள் ஒருவர். திரைப்பட வசனத்துக்கு இலக்கியத் தகுதியையும், வசனம் எழுதியவரின் பெயருக்கு மதிப்பையும் உண்டாக்கிய முன்னோடி. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் வரும் மாடக் காட்சியைத் தமிழ்க் கதைக்குள் பொருத்த டங்கன் விரும்ப, இளங்கோவன் அதனைத் தமிழாக்கித் தந்தார் என்பது திரைவரலாறு கற்றோர் அறிந்த செய்தி.

அம்பிகாபதி கதை நமக்குத் தொலைவானதன்று. கம்பர் பிறந்த தேரழுந்தூர் நம் பகுதிக்கு அண்மையது. அண்ணாமலை நகரிலிருந்து பார்த்தால் தெரியும் தில்லைக் கோபுரங்களின் திருப்பணியோடு சோழர்தம் பெயர் பிணைந்துள்ளது. இரண்டாம் குலோத்துங்கன் செய்த தில்லைத் திருப்பணியை ஒட்டக்கூத்தர் தம் பாடல்களில் போற்றியுள்ளார். அம்பிகாபதியின் காதல் வரலாற்றுச் செய்தியன்று, செவிவழிக் கதையே. அக்கதையில் காதலுக்கு எதிரே நிற்பவர் இருவர்: மகளைப் புலவன் மகனுக்குத் தர மறுக்கும் மன்னர், கம்பரிடம் காழ்ப்புக் கொண்டவராகக் காட்டப்படும் ஒட்டக்கூத்தர். மூவருலா பாடிய பெரும்புலவரை இவ்வாறு பொறாமையாளராக்கிய கதைக்குச் சான்று ஏதுமில்லை. கூத்தரை ஊன்றிக் கற்றவர் எவரும் இதனை வருத்தத்தோடுதான் கேட்பர்.

திரைக்கதை செய்த மாற்றம் யாது? பகையின் பெருஞ்சுமையைப் புலவர் தோளிலிருந்து இறக்கி, காதலியை விரும்பும் ஒரு படைத்தலைவன் தோளில் ஏற்றியது. புலமைக் காழ்ப்பு வேட்கைப் போட்டியாக மாறியது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் வாளெடுத்து மோதுபவன் டைபால்ட். பெற்றோர் தேர்ந்தெடுத்த மணமகன் பாரிஸ். இருவர் செய்யும் தொழிலையும் உருத்திரசேனன் ஒருவனே செய்கிறான். இம்மாற்றம் கதையைக் குறுக்கியது என்பாரும் உளர். கூத்தருக்கு நேர்ந்த பழி ஓரளவு நீங்கியது என்ற அளவில் எனக்கு இதில் நிறைவே.

இவ்விடத்தில் அகமரபை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சங்க அகப்பாடல்களில் இன்று நாம் சொல்லும் வில்லன் இல்லை. (தமிழ்ச்சொல்லாகக் கொண்டால் வில்லன் என்பது வில்லை உடையவனைக் குறிக்கும், அவ்வகையில் இராமனும் வில்லனே என மாணவர் வகுப்பில் நகைப்பதுண்டு.) ஆனால் தடைகள் பல உண்டு. தாய் மகளை வீட்டுக்குள் அடைக்கும் இற்செறிப்பு, ஊரார் பேசும் அலர், அயலார் பெண்கேட்டு வரும் நொதுமலர் வரைவு என்பன அவை. பெண்கேட்டு வரும் அந்த அயலானுக்குப் பாட்டில் முகமில்லை, பேச்சுமில்லை. தோழி கூற்றில் அவன் ஒரு செய்தி மட்டுமே. அம்முகமற்றவனுக்கு முகமும் குரலும் தந்தது திரை. அவ்வாறு தரப்பட்ட முதல் முகங்களுள் ஒன்று பாலையாவின் முகம்.

மேலும் ஒன்று. எதிரியும் காதலிப்பவனே, அவன் விருப்பம் ஒருபக்கத்து விருப்பம் என்பதே வேறுபாடு. தொல்காப்பியர் ஏழு திணைகளுள் கைக்கிளையை முதலிலும் பெருந்திணையை இறுதியிலும் வைத்து, அன்பின் ஐந்திணையை நடுவே நிறுத்தினார். மிகுந்த காமத்தால் வலிந்து செல்லும் நிலை பெருந்திணைக்குரியது. உருத்திரசேனன் கைக்கிளையில் தொடங்கிப் பெருந்திணையில் வீழ்பவன். தன்னை விரும்பாதவளை விரும்பியது அவன் குற்றமன்று. அவள் விருப்பத்தைப் பொருட்படுத்தாமை குற்றம். நிக்காஹ் ஒப்பந்தத்தில் மணமகளின் ஒப்புதல் கேட்கப்பட வேண்டும் என்பதை அறிந்த நம் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இன்றைய படங்கள் பலவற்றில், மறுக்கும் பெண்ணை விடாது தொடர்பவன் எதிரியாக அன்றி நாயகனாகவே காட்டப்படுகிறான். 1937ஆம் ஆண்டுத் திரைக்கதைக்கு இருந்த தெளிவு இவற்றுக்கு இல்லை.

அமராவதியின் காதலை உருத்திரசேனன் அழித்துவிட்டானா என்றால், அதுவுமன்று. செவிவழிக் கதையிலும் படத்திலும் இறுதி அடி வேறிடத்திலிருந்து விழுகிறது. காதற்சுவை கலவாத நூறு பாடல்கள் பாடவேண்டும் என்பது மன்னன் விதித்த நிபந்தனை. காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிய அமராவதி, நூறு நிறைந்ததென மயங்கி வெளிப்படுகிறாள். அவளைக் கண்ட அம்பிகாபதி அவளையே பாடிவிடுகிறான். காதலரைக் கொன்றது காதலின் அவசரமே. பின்னர் எதிரி எதற்கு? மறைந்திருந்த களவை அவைக்குக் கொண்டுவருவதற்கு. அகப்பாடலில் அலர் எழுந்தால் அது திருமணத்தை விரைவுபடுத்தும். உருத்திரசேனன் கையில் அதே அலர் கொலைக்களத்துக்கு வழியாகிறது. காதற்கதையில் எதிர்த்தலைவன் ஆற்றும் முதன்மைப் பணி இதுவே: இருவர்க்குள் அடங்கியிருந்த ஒன்றை உலகத்தின் முன் நிறுத்தி அதற்கு விலை கேட்பது.

பாகவதர் படங்களில் நாயகனின் பெருஞ்செல்வம் பாட்டு. அவர் வாய்திறந்தால் அவை மயங்கும். அவருக்கு எதிரே நிற்பவனுக்கு உரைநடை ஒன்றே படைக்கலம். இளங்கோவன் தீட்டித் தந்த உரைநடையை அவ்வாறு படைக்கலமாக்கிய இளைஞர் பாலையா. இசைவெள்ளத்துக்கு நடுவே பேச்சால் நின்று, மக்கள் நினைவில் தங்கியது சிறிய செயலன்று. அம்பிகாபதி பெருவெற்றி பெற்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 1957இல், சிவாஜி கணேசனும் பானுமதியும் நடிக்க அதே கதை மீண்டும் படமாயிற்று.

அயல் இலக்கியத்திலிருந்து ஓர் ஒப்புமை கூறலாம். பாரசீகக் கவிஞர் நிஜாமி பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய லைலா மஜ்னூன் காவியத்தில் லைலாவை மணப்பவன் இப்னு ஸலாம். அவன் கொடியவன் அல்லன். மனைவியின் உள்ளம் வேறிடத்தில் உள்ளது என்றறிந்து வெந்து வாழ்பவன். எதிரிக்கு இத்தகைய துயரம் தரும் துணிவு நம் தொடக்காலத் திரைக்கதைகளில் அரிது. எஃப். நாகூர் இயக்கத்தில் டி.ஆர். மகாலிங்கமும் எம்.வி. ராஜம்மாவும் நடித்த தமிழ் லைலா மஜ்னு 1950இல் வந்தது. அனார்கலி கதையிலோ எதிரே நிற்பவர் அக்பர். தந்தையும் பேரரசருமாகிய அவரை எதிரி என்று சொல்லவே நா எழுவதில்லை. அவ்வகை எதிரியைப் பாலையா பின்னாளில் நகைச்சுவையாக ஏற்கவிருந்தார் என்பதை மேலே காண்போம்.

வேடங்களின் விரிவு

வெற்றிபெற்ற எதிரிக்கு அடுத்தும் எதிரி வேடமே வரும் என்பது திரையுலக வழக்கம். பாலையா அதற்குள் அடைபட்டுவிடவில்லை. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தைத் தழுவி 1942இல் வந்த மனோன்மணி படத்தில் நடித்தார். 1948இல் மோகினி படத்தில் முதன்மை வேடமே ஏற்றார். 1949இல் அறிஞர் அண்ணாவின் வேலைக்காரியில் பழிவாங்கத் துடிக்கும் நாயகனைக் கொலைக் கத்தியிலிருந்து விலக்கி, அறிவின் வழிக்குத் திருப்பும் நண்பன் மணியாக வந்தார். சதி லீலாவதியில் நண்பனைக் கெடுத்தவர் இங்கே நண்பனைக் காத்தார். அண்ணாவின் கருத்துச் செறிந்த வசனம் கே.ஆர். இராமசாமியின் உணர்ச்சிக் குரலுக்கும் பாலையாவின் நிதானக் குரலுக்கும் இடையே பகிரப்பட்டதாலேயே அப்படத்தின் வாதம் எடுபட்டது எனலாம்.

1951இல் ஏ.வி.எம். நிறுவனம் எடுத்த ஓர் இரவு படமும் அண்ணாவின் ஆக்கமே. இதில் பாலையா மீண்டும் காதலுக்குக் குறுக்கே நின்றார். பெண்ணின் தந்தையைப் பற்றிய இரகசியம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அதைக் காட்டி மிரட்டி, மருத்துவன் ஒருவனைக் காதலிக்கும் அப்பெண்ணைத் தனக்குக் கட்டிவைக்கச் சொல்லும் வேடம். உருத்திரசேனனுக்கு வாள் தேவைப்பட்டது. இவனுக்குத் தேவைப்பட்டது இரகசியம் ஒன்றே. சமூகக்கதைக்கு வந்ததும் எதிரியின் ஆயுதம் எவ்வளவு சிறுத்துவிட்டது, அதனாலேயே எவ்வளவு கொடிதாகிவிட்டது என்பதற்கு இதனைக் காட்டாகக் கொள்ளலாம்.

1954இல் வந்த தூக்குத் தூக்கியில் நாயகனின் மனைவியோடு கள்ளத்தொடர்பு கொண்ட வடநாட்டுச் சேட்டு வேடம். தமிழை வடநாட்டார் நாவில் உருட்டிப் பேசி அவையைச் சிரிப்பில் ஆழ்த்தினார். இழிந்த வேடம், ஆயினும் வெறுப்பின் ஊடே சிரிப்பு வருவதைத் தடுக்க முடியாது. 1956இல் மதுரை வீரன் படத்தில் பொம்மியை மணக்கத் துடிக்கும் நரசப்பன். இவனும் படைக்கலம் தாங்கியவனே, ஆனால் கோழை. அம்பிகாபதியில் அச்சமூட்டிய அதே வகை மனிதனைப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து நகைப்புக்குரியவனாக்கிக் காட்டினார் பாலையா. வலிந்து மணக்க நினைப்பவன் உள்ளூரக் கோழையே என்பதை வசனம் சொல்லவில்லை. அவர்தம் உடலசைவு சொல்லிற்று. பி.எஸ். வீரப்பாவின் சிரிப்புக்கும் எம்.என். நம்பியாரின் கைப்பிசைவுக்கும் மக்கள் தந்த புகழ் பெரிது. எனினும் எதிரியை வெறுக்கவும் நகைக்கவும் ஒருங்கே செய்தவர் பாலையாவே என்பது என் துணிபு.

1959இல் பீம்சிங் இயக்கிய பாகப்பிரிவினையில் குடும்பத் தலைவராக வந்ததிலிருந்து தந்தை வேடங்கள் தொடர்ந்தன.

காதலிக்க நேரமில்லை

1964இல் ஸ்ரீதர் இயக்கி வெளிவந்த காதலிக்க நேரமில்லை முழுநீள நகைச்சுவைக் காதற்படம். அதில் கொலையில்லை, சூழ்ச்சிக்காரன் இல்லை. சின்னமலைத் தோட்ட முதலாளி விசுவநாதனாக வரும் பாலையாவே காதலுக்கு ஒரே தடை. மகளுக்குச் செல்வர் வீட்டு மாப்பிள்ளை வேண்டும் என்பது அவர் ஆசை. அவ்வாசையை வெல்லவே இளைஞர்கள் வேடமிட்டுப் பொய் மேல் பொய் அடுக்குகின்றனர். குலோத்துங்கனும் அக்பரும் அரியணையில் அமர்ந்து செய்ததையே இத்தோட்ட முதலாளி சாய்வு நாற்காலியில் அமர்ந்து செய்கிறார். அங்கே உயிர் போயிற்று. இங்கே மானம் சற்றே போகிறது. எதிரியை அழிக்காமல் மனம் மாற்றினாலே போதும் என்னும்போது காதற்கதை இன்பியலாகிவிடுகிறது.

அப்படத்தில் மகன் செல்லப்பா தான் எடுக்கவிருக்கும் பேய்ப்படத்தின் கதையைத் தந்தைக்குச் சொல்லும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. சொல்பவர் நாகேஷ், கேட்பவர் பாலையா. சொல்பவர்க்கே வசனமும் ஓசையும். கேட்பவர்க்கு முகம் ஒன்றே. பெருங்குரலுக்குப் பெயர்பெற்ற நடிகர் ஏறத்தாழப் பேசாமலேயே இக்காட்சியைத் தம்முடையதாக்கிக்கொண்டார். கண்கள் விரிவதும், நாற்காலியில் உடல் ஒடுங்குவதும், அச்சத்தை மறைக்க முயன்று தோற்பதும் படிப்படியாக நிகழ்கின்றன. நடிப்புப் பயிலும் மாணவர் ஒலியை நிறுத்திவிட்டு இக்காட்சியை ஒருமுறை பார்க்கட்டும். 1966இல் இப்படம் இந்தியில் பியார் கியே ஜா என்னும் பெயரில் எடுக்கப்பட்டபோது இக்காட்சியை ஓம் பிரகாஷும் மெஹ்மூதும் நடித்தனர்.

இறுதி ஆண்டுகள்

1965இல் திருவிளையாடல் படத்தில் பாண்டிநாட்டையே பாட்டுக்கு அடிமையாக்கத் துணியும் ஏமநாத பாகவதராக வந்தார். காதற்கதை அன்றாயினும் எதிரியின் செருக்கும் அச்செருக்கு உடையும் நொடியும் அதில் தெளிவாக விளங்கும். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்தவர், அக்குரலுக்குரிய வித்துவானாகவே தோன்றினார். 1967இல் ஊட்டி வரை உறவு, பாமா விஜயம் என இரண்டு நகைச்சுவைப் படங்கள்.

1968இல் கொத்தமங்கலம் சுப்புவின் புதினம் ஏ.பி. நாகராசன் கையில் தில்லானா மோகனாம்பாள் ஆயிற்று. நாதசுரக் கலைஞனுக்கும் ஆடல் நங்கைக்கும் இடையே மலரும் காதல். தடுப்பார் பலர்: மகளின் எதிர்காலத்தைப் பணத்தால் அளக்கும் தாயாகச் சி.கே. சரசுவதி, தரகு பேசும் வைத்தியாக நாகேஷ், மன்னராக நம்பியார், மைனராகப் பாலாஜி. இத்தனை பேர் எதிர்நிற்கும் கதையில் பாலையாவுக்கு எதிரி வேடம் இல்லை. அவர் நாயகனின் குழுவில் மூத்த தவில் கலைஞர் முத்துராக்கு. முன்கோபம் மிக்க இளைஞனை அண்ணன் நிலையிலிருந்து அடக்கியும் தேற்றியும், அவன் காதலை அவனுக்கு முன்பே அறிந்துகொண்டு, தெரியாதவர்போல் தவிலை இழுத்துவைத்து அமரும் வேடம். சிவாஜி கணேசனின் நாதசுரத்தை மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர் வாசித்தனர் என்பது யாவரும் அறிந்ததே. அவ்விசைக்கு நடுவே பாலையாவின் தலையசைப்பும் விரல்களும் தாளம் தவறாதிருப்பதைக் கண்ட தவில்காரர்களே வியந்து பேசுவதுண்டு.

முப்பத்தோராண்டுகளுக்கு முன் அமராவதிக்கும் அம்பிகாபதிக்கும் நடுவே வாளோடு நின்றவர், மோகனாவுக்கும் சண்முகசுந்தரத்துக்கும் பக்கத்தில் தவிலோடு அமர்ந்திருந்தார். அதன்பின் நான்கு ஆண்டுகளே அவர் வாழ்ந்தார். 1972ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் அகவை நிறைவதற்கு ஒரு திங்கள் இருக்கையில், காலமானார். அவர் மகன் ரகு, ஜூனியர் பாலையா என்னும் பெயரில் நடித்து 2023ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் மறைந்தார்.